நாற்பது நாள் தாடியும் அத்தையின் இடது கையும்

அத்தையின் இடது முன்கையில் ஒரு முடிகூட இருக்காது. வலது கையில் எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுபோல மெல்லிய பூனைமுடி உண்டு. இடது கை மட்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சீவிய சுரைக்காய் மாதிரி வழவழவென்று இருக்கும். சிறு பிள்ளையாக இருந்தபோது அது ஏதோ சீக்கு என்று பயந்து நான் அந்தப் பக்கம் உட்காரவே மாட்டேன். சவரக்கத்தியைக் கல்லில் தீட்டி, உள்ளங்கையில் நாலு முறை புரட்டி, பதம் வந்துவிட்டதா என்று அந்தக் கையில்தான் அவள் இழுத்துப் பார்ப்பாள் என்பது பிறகுதான் தெரிந்தது. முடியைப் பிடித்து இழுத்தால் கத்தி திரும்பவும் கல்லுக்குப் போகும். பட்டதே தெரியாமல் முடி உதிர்ந்தால், "ம், இனி மனுசன் மூஞ்சிக்குப் போகலாம்" என்பாள்.

கத்தி பிடிக்கிற மற்றவர்கள் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அத்தைக்கு அது போதாது. "நகத்துக்கு வலிக்குமாக்கும்? வலிக்கிற எடத்துல வச்சுப் பாத்தாத்தானே தெரியும்" என்பாள்.

கத்தியோடு மட்டும் இல்லை, எல்லாவற்றோடும் அவள் அப்படித்தான். எதைச் சொன்னாலும் உடனே ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள். "பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். எங்கள் ஊரில் பிரசவம் பார்ப்பவளும் அவள்தான். பிள்ளையைக் குளிப்பாட்டும் வெந்நீரைப் பெற்றவளே காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாலும் தன் முழங்கையை ஒருமுறை முக்கிப் பார்க்காமல் பிள்ளையை இறக்க மாட்டாள். ஒருமுறை போடியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். வழுக்கையில் முடி முளைக்கும் தைலம் என்று சின்னச் சின்னக் குப்பிகளில் வைத்திருந்தார். அவர் தலையும் வழுக்கைதான்.

"ஏண்ணே, ஒங்க தலையில தேய்க்கலையா?" என்று அத்தை கேட்டாள்.

"இனிமேத்தான் ஆத்தா தேய்க்கணும்."

"அப்பத் தேச்சுட்டு வாங்க. முளைச்சதும் நானே சிரைச்சு விடுறேன்."

அந்த வியாபாரி அதற்குப் பிறகு எங்கள் ஊர் வழியாக வரவே இல்லை.

எங்கள் வம்சத்தில் சிலேட்டைத் தொட்ட முதல் ஆள் நான். ஆண் பெண் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா சீமையிலிருந்து வந்த பாதிரிச் சாமியார் வீட்டில் சமையல் செய்தார்; அதனால் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கே படித்ததையெல்லாம் வீட்டுக்கு வந்து உரக்கச் சொல்வது எனக்குப் பெருமை. பூமி உருண்டையாக இருக்கிறது என்று ஒரு நாள் அத்தையிடம் சொன்னேன்.

"யாரு பாத்தா?"

"பொஸ்தகத்துல போட்டிருக்கு அத்தே."

"பொஸ்தகம் எழுதுனவுக பாத்தாகளா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டேன். மூன்று நாள் கழித்து அவளே என்னைத் தேடி வந்தாள். "ஏ புள்ள, ஓம் பொஸ்தகம் சரிதான். சாமியார் கப்பல்ல வந்தவுகதானே, கேட்டேன். தூரத்துல ஒரு கப்பல் வந்தா மொதல்ல பாய்மரத்து நுனிதான் தெரியுமாம், அப்புறந்தான் கப்பலே தெரியுமாம். கரடு ஏறி வர்ற ஆளுக்கு மொதல்ல தலைப்பா தெரியுற மாதிரி. அப்ப உருண்டைதான்." எனக்கு அந்தப் பாய்மரக் கதை தெரியாது. இன்று நான் பிள்ளைகளுக்குப் பூமி சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கும்போது அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

அத்தை ஆண்களுக்குச் சவரம் செய்யத் தொடங்கிய விதம் வேடிக்கையானது. உத்தமபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்கு என் மாமாதான், அதாவது அத்தையின் புருஷன்தான், நாவிதர். வாய் ஓயாத மனிதர். அவருக்குக் கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கியபோது கத்தி அத்தையின் கைக்கு வந்தது. ஆனால் ஊர் ஆண்கள் ஒரு பெண்ணிடம் சவரம் செய்துகொள்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஊரே சேர்ந்து, யாரும் யாரிடமும் பேசிவைக்காமல், ஒரு வழி கண்டது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து மழை, மாடு, பெரியாற்றில் துரைமார் கட்டும் அணை என்று பேசிக்கொண்டே இருப்பார். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் கத்தி ஓட்டுவாள். எழுந்து போகிறவர், "அவருகிட்டதான் சவரம் பண்ணிக்கிட்டு வர்றேன்" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டு போவார். இரண்டு வருஷம் இப்படியே நடந்தது. "அவரு கை இப்பப் பழையபடிக்கு இல்ல, இன்னும் நல்லாயிருச்சு" என்று ஒருவர் மாமாவிடமே சொன்னார். மாமா தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார். அத்தை சிரிப்பை அடக்கக் கிண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் முறை பழைய முறைதான். சோப்பு கிடையாது. கிண்ணியில் தண்ணீர். அதை விரலால் தொட்டுத் தொட்டுக் கன்னத்தில் தேய்ப்பாள். அரை நாழிகை தேய்ப்பாள். அவசரக்காரர்கள் நெளிவார்கள். "ஊறாத பயறு வேகாது, உக்காருங்க" என்பாள்.

மாமா செத்துப்போனார். பேசுவதற்கு ஆள் இல்லாமல் போனதும் ஊருக்குச் சங்கடம் வந்துவிட்டது. அதே கை, அதே கத்தி. ஆனால் இனி "அவருகிட்ட" என்று சொல்ல முடியாதே. ஆண்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து ஊருக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார்கள். வெட்டுக் காயத்தோடு வந்தார்கள். அத்தை தினமும் கத்தியைத் தீட்டி இடது கையில் பார்த்துவிட்டு மடக்கி வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய கொழுந்தன், மாமாவின் தம்பி, ஊருக்கு வந்து சேர்ந்தார். பெரியாற்று அணை கேம்பில் துரைமாருக்குச் சவரம் செய்பவர். காலில் பூட்ஸ், கையில் தகரப்பெட்டி. இயேசுவின் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, தபசுகாலம், தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருந்தது. எங்கள் கத்தோலிக்க ஊரில் தபசுகாலம் முழுக்க ஆண்கள் முகத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். திருநாளுக்கு முதல் நாளான பெரிய சனிக்கிழமை காலைப் பூசையில் மணி அடித்த பிறகுதான் தாடியை எடுப்பார்கள். எல்லார் முகமும் முள்ளுக்காடாகிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் வெண்கலக் குத்துவிளக்கு மாதிரி மழமழவென்று வந்து நின்றார்.

அத்தை வீட்டு முற்றத்திலேயே தகரப்பெட்டியைத் திறந்தார். எலும்புப் பிடி போட்ட சீமைக் கத்தி, முடியால் ஆன ஒரு பிரஷ், காகிதம் சுற்றிய சோப்புகள்.

"மோந்து பாருங்க மதினி. மல்லிகப்பூ தோத்துப்போகும்."

அத்தை மோந்து பார்த்தாள். "வாசனை நல்லாத்தான் இருக்கு. மூஞ்சியில என்ன பண்ணும்?"

"வெண்ணெய் மாதிரி வழுக்கும். ஒங்கள மாதிரி தண்ணியத் தொட்டுத் தொட்டு மாவாட்டிக்கிட்டு இருக்க வேண்டியதில்ல." ஒரு கட்டியின் மூலையை உடைத்து, காகிதத்தோடு அவளிடம் நீட்டினார். "வச்சுக்கங்க. துணி தொவைக்கவாச்சும் ஆகும்."

மறுநாள் அவர் ஊர்க்கூட்டத்தில் கேட்டது நேரான கேள்வி. ஊர்ச் சவரம் பார்ப்பவருக்கு என்று ஒரு வீடும், குளத்துப் பாசனத்தில் ஒரு துண்டு நிலமும் உண்டு. அண்ணன் இடம் தம்பிக்குத்தானே?

"பொம்பளை எங்கயாச்சும் ஆம்பளை மூஞ்சியத் தொடுவாளா?" என்றும் கேட்டார்.

நாட்டாமை தரையைப் பார்த்தார். அவர் வலது கன்னத்தில் ஒரு பெரிய மரு உண்டு. அதைச் சுற்றி வெட்டுப்படாமல் கத்தி ஓட்டத் தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். இரண்டு வருஷம் அவள் விரல் படாத கன்னம் அந்தக் கூட்டத்திலேயே இல்லை. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் சாமியாரிடம் போனார்கள். அவருக்கு நெஞ்சு வரை தாடி. ஊரில் இந்த வழக்கில் பக்கம் சாராத ஒரே ஆண் அவர்தான். தாடியை நீவிக்கொண்டே கேட்டார். "சவரத்தைப் பற்றி என்னைக் கேட்கிறீர்களா?" என்று சிரித்தார். பிறகு தம் புத்தகத் தமிழில் சொன்னார்: "முகம் அவனவனுடையது. பெரிய சனிக்கிழமை இருவரும் கோயில் மைதானத்தில் இருக்கட்டும். அவனவன் உட்கார்ந்து சொல்லட்டும்."

"எவுக பக்கம் சனம் குந்துதோ அவுகளுக்கு ஊரு. வீடும் நெலமும் சேத்து" என்று நாட்டாமை முடித்தார்.

கொழுந்தன் சிரித்துக்கொண்டே கேம்புக்குத் திரும்பினார். அத்தை வீட்டுக்கு வந்தாள். தோற்றால் அவளுக்குப் போக இடம் எங்கள் வீடுதான்; எங்கள் வீட்டில் ஏற்கனவே ஏழு பேர். அப்பா புலம்பினார். அத்தை அந்தச் சோப்புத் துண்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, இந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்கு?"

இங்கிலீஷ் எழுத்து. எனக்கு எழுத்துக்கூட்ட வரும், அர்த்தம் வராது. அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"எப்பிடிப் போடணும்னு ஏதாச்சும் சொல்லியிருக்கா?"

"இல்ல அத்தே" என்று துணிந்து சொன்னேன்.

"அப்ப நாமதான் பாக்கணும்."

ஊர்க் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டு இடது கையில் சோப்பைத் தேய்த்தாள். நுரை வரவில்லை. திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாகத் திரண்டு தோலில் ஒட்டிக்கொண்டது. "ஏமாத்துச் சரக்கு" என்றார் அப்பா, சந்தோஷமாக.

"சோப்பு பொய்யா, தண்ணி பொய்யான்னு தெரியாம ஏன் தம்பி பேசுற?"

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. உப்புத் தண்ணீர். அத்தை கோயில் கிணற்றுத் தண்ணீரில் பார்த்தாள், கொஞ்சம் தேவலை. குளத்தில் பார்த்தாள், அழுக்கு நுரை. ஒரு கல் தூரம் நடந்து ஆற்றுக்குப் போய் ஒரு குடம் கொண்டுவந்து பார்த்தாள். விரல் பட்டதும் நுரை பொங்கிக் கையை மூடியது. வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கேம்புல மலைத் தண்ணி. அதான் அவுகளுக்குத் தெரியல" என்றாள். வெற்றி பெற்றவள்போலச் சொல்லவில்லை. ஒரு கணக்கைப் போட்டு முடித்தவள்போலச் சொன்னாள்.

கை வேறு, கன்னம் வேறு. அதைப் பார்க்க ஒரு முகம் வேண்டும். ஊரில் ஒருவரும் பெரிய சனிக்கிழமைக்கு முன் கத்தி வைக்கமாட்டார்கள். அப்போது கிடைத்தவர்தான் தேவாரம் ஊரிலிருந்து வரும் வண்டிக்காரர். அணைக்குச் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு வாரம் இரண்டு முறை எங்கள் ஊர் வழியாகப் போவார். இந்து, தபசு அவருக்குக் கிடையாது. பெண் கத்தி வைத்தால் என்ன, கழுதை வைத்தால் என்ன, தன் பொண்டாட்டிக்கு மழுமழுவென்று இருந்தால் சரி என்பார்.

அத்தை அவர் இடது கன்னத்தைப் பழைய முறையில், வெறும் தண்ணீர் தேய்த்துச் சிரைத்தாள். வலது கன்னத்தை ஆற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைத்துச் சிரைத்தாள். பிரஷ் இல்லாததால் விரலாலேயே நுரை எழுப்பினாள்.

"எந்தக் கன்னம் எதமா இருக்குண்ணே?"

வண்டிக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றித் தடவினார். "எடது தாமசமாயிருச்சு, ஆனா எரிச்சல் இல்ல. வலது வெரசா முடிஞ்சுது, ஆனா காந்துது ஆத்தா."

அடுத்த முறை அவர் வந்தபோது முதலில் தண்ணீர் தேய்த்து ஊறவைத்து, அதன் மேல் கொஞ்சமே கொஞ்சம் சோப்பு போட்டாள். கத்தியை இன்னும் படுக்கையாகப் பிடித்தாள். முடிந்ததும் வண்டிக்காரர் எழுந்திருக்கவில்லை.

"என்னண்ணே?"

"எப்ப ஆரம்பிப்பீகன்னு உக்காந்திருக்கேன்."

"முடிஞ்சே போச்சு."

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "அடி ஆத்தா!" என்று எழுந்து, மாட்டுக்கு முன்னால் போய் நின்று, "பாருடா, ஒன்னைய மாதிரி மூஞ்சி இருந்துச்சு எனக்கு" என்றார்.

பெரிய சனிக்கிழமைக்குள் அந்தச் சோப்புத் துண்டு புளியங்கொட்டை அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

அன்று காலைப் பூசையில் மணி அடித்து முடிந்து ஆண்கள் வெளியே வந்தபோது மைதானத்தில் இரண்டு கடை. வேப்பமரத்தடியில் கொழுந்தன்: நாற்காலி, மரத்தில் தொங்கும் கண்ணாடி, தோளில் வெள்ளைத் துண்டு. எதிரே புங்கமரத்தடியில் அத்தை: ஒரு பாய், கிண்ணி, கத்தி, நாலு குடம் தண்ணீர். குடங்களை விடியலில் வண்டிக்காரர் ஆற்றிலிருந்து ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

அத்தை ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து கொழுந்தனிடம் போனாள். "கொழுந்தனாரே, ஊர்க் கெணத்துத் தண்ணியில ஒங்க சோப்பு நுரைக்காது. நான் பாத்துட்டேன். இது ஆத்துத் தண்ணி. வச்சுக்கங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீகளா? துரைமாரு சோப்பு நம்ம ஊர்க் கெணத்தப் பாத்துப் பயந்துக்கிருமாம்! மதினி, நான் மூணு வருசமாப் போட்டுக்கிட்டு இருக்கேன்."

கூட்டம் சிரித்தது. அத்தை குடத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தாள். பாய்க்கு ஒருவரும் வரவில்லை.

நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் நாட்டாமை. வாழ்நாளில் அவர் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டார். கொழுந்தன் தாடியைக் கத்தரியால் குறைத்தார். அவசரத்தில், நேரம் மிச்சமாகும் என்று, அடுத்த ஆறு பேரையும் கத்தரித்து வரிசையாக உட்காரவைத்து எல்லார் முகத்திலும் பிரஷைத் தீற்றினார். கிணற்றுத் தண்ணீர்தான். நுரை எழவில்லை. இன்னும் சோப்பு போட்டார். இன்னும் தேய்த்தார். வெள்ளைக் கட்டிகள் தாடியில் திரண்டு தொங்கின. சித்திரை வெயிலும் கணவாய்க் காற்றும் சேர்ந்து அவற்றை அங்கேயே காயவைத்தன.

"தயிர்ச்சோறு தின்னுட்டு வாய் கழுவாம வந்திருக்காகடோய்" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

கொழுந்தன் முகம் வியர்த்தது. கத்தியை நாட்டாமையின் வலது கன்னத்தில் வைத்தார். கட்டியில் மாட்டிக்கொண்டது. துடைத்தார், வைத்தார், இழுத்தார். மருவின் ஓரத்தில் பட்டது.

"யாத்தே!" என்று நாட்டாமை துள்ளி எழுந்தார். ஒரு கன்னம் பாதி, மறு கன்னம் கத்தி படாத தாடி, நடுவே ரத்தம். வரிசையில் இருந்த ஆறு பேரும் முகத்தைச் சொறியத் தொடங்கினார்கள்.

கூட்டத்தின் சிரிப்பு மெதுவாக அடங்கியது. மறுநாள் உயிர்ப்புத் திருநாள். நாட்டாமைதான் தேருக்கு முன்னால் கொடி பிடிக்க வேண்டும்.

"நாட்டாமை ஐயா, இங்கன வாங்க" என்றாள் அத்தை.

அவர் ஒரு எட்டு வைத்தார். வரிசையில் இருந்த ஓர் இளவட்டம், முகத்தில் சோப்பு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தவன், "பொம்பளை முன்னால குந்தப் போறீகளா பெரியப்பா?" என்று கேட்டான்.

அத்தை அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவள் சத்தம்போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"ஏலே, ஒன்னைய வெளிய இழுத்ததே இந்தக் கைதான். ஓங்காத்தா ஒம் மூஞ்சியப் பாக்கறதுக்கு முந்தி நான் தொடச்சு விட்ட மூஞ்சிடா அது. அன்னைக்குப் பொம்பளைன்னு தெரியலையோ? இந்த மைதானத்துல இருக்கறதுல பாதி மூஞ்சி நான் மொதமொதல்ல தொட்டது. இன்னைக்குத் தொட்டா என்ன தேஞ்சா போகும்?"

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு மைதானமே சிரித்தது. நாட்டாமை வந்து பாயில் உட்கார்ந்தார்.

அத்தை அவசரப்படவில்லை. காய்ந்த சோப்பை ஆற்றுத் தண்ணீரால் கழுவினாள். வெட்டுக்குப் படிகாரம் வைத்தாள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். அதே அரை நாழிகை. பிறகு மடியிலிருந்து அந்தப் புளியங்கொட்டைச் சோப்பை எடுத்து விரலில் தேய்த்தாள். கன்னம் முழுக்க நுரை பூத்தது. முன்னால் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். கத்தி காதோரத்தில் இறங்கி, கன்னத்தில் வழிந்து, மருவைச் சுற்றி ஒரு வளையம் போட்டு வெளியே வந்தது. சத்தமே இல்லை.

நாட்டாமை கன்னத்தைத் தொட்டார். திரும்பவும் தொட்டார். பிறகு எழுந்து, கொஞ்சம் கோபமாகவே, "என்னடா வேடிக்கை பாக்குறீக? அடுத்தவன் குந்துங்கடா" என்றார்.

ஆறு பேரும் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மைதானமே புங்கமரத்தடிக்குச் சாய்ந்தது. ஆனால் சோப்பு தீர்ந்துவிட்டது. வெறும் தண்ணீரில் நாற்பது நாள் தாடிக்கு நேரம் பிடிக்கும். ஐந்தாறு முகம் முடிவதற்குள் நிழல் கிழக்கே சாயத் தொடங்கியது. வரிசை குறைவதாகக் காணோம்.

கொழுந்தன் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து தலைகுனிந்திருந்தார். அத்தை அவரைக் கூப்பிட்டாள்.

"எங்கிட்டத் தண்ணி இருக்கு. ஒங்ககிட்டச் சோப்பு இருக்கு. ரெண்டும் அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணா உக்காந்திருந்தா நாளைக்குப் பாதி ஊரு தாடியோடதான் பூசைக்குப் போகும். எந்திரிச்சு வாங்க. கத்தியையும் கொண்டாங்க."

அவர் தகரப்பெட்டியோடு வந்தார். அத்தை சீமைக் கத்தியை வாங்கி, விரித்து, தன் இடது கையில் ஓர் இழுப்பு இழுத்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மட்டம் தட்ட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

"நல்ல கத்தி" என்றாள். "எங்கிட்ட இருக்கறதவிட நல்ல கத்தி."

கொழுந்தன் அப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

அதன் பிறகு வேலை ஓடியது. அவர் கத்தரித்தார், தண்ணீர் தேய்த்தார், பிரஷால் நுரை போட்டார். பிரஷ் விரலைவிட நன்றாக நுரைத்தது, அதையும் அத்தை ஒப்புக்கொண்டாள். அவள் சீமைக் கத்தியை ஓட்டினாள். நடுவே ஓரிரு முறை அவரும் பழைய கத்தியை எடுத்தார். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து அவள் பக்கம் நகர்ந்துகொண்டார்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் பிரஷையே எடுத்துக்கொண்டார். நாலு குடமும் தீர்ந்தது. இளவட்டங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார்கள். முதலில் ஓடியவன், பெரியப்பாவைத் தடுத்த அந்தப் பயல்தான்.

சூரியன் மேற்கு மலை மேல் இறங்கியபோது வரிசை தீர்ந்தது. மைதானம் முழுக்கப் பளபளப்பான முகங்கள். கணவன்மாரை அடையாளம் தெரியவில்லை என்று பெண்கள் கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாருக்கும் ஆச்சா?" என்று நாட்டாமை கேட்டார்.

"ஒரு ஆளு பாக்கி" என்றது ஒரு குரல்.

எல்லாரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். மலையிறங்கி வந்த இரண்டு மூன்று நாளில் அவர் கன்னத்திலும் முள் முளைத்திருந்தது. அவர் பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாயில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் மதினி" என்றார்.

அத்தை தண்ணீர் தேய்த்தாள். யாருக்கும் கொஞ்சமும் குறைக்காத அதே நேரம் அவருக்கும் தேய்த்தாள். நுரை போட்டாள். அவர் தாடையை இரண்டு விரலால் மேலே நிமிர்த்தி, கத்தியைக் குரல்வளைக்கு மேல் வைத்தாள்.

"ஊரு யாருக்கு, கொழுந்தனாரே?"

அவர் வாயைத் திறக்கப் பார்த்தார்.

"பேசாதீக. அசைஞ்சா அறுத்துரும்."

கோயில் சுவரில் போய் மோதித் திரும்பியது சிரிப்பு. சாமியார் வீட்டு வாசலில் அப்பா கரண்டியோடு நின்று சிரித்தார். சாமியாரின் தாடி குலுங்கியது. கொழுந்தன்கூடக் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்தை அசைக்காமல், மூக்கால் சிரித்தார்.

நாட்டாமை பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அவன் என்னத்தச் சொல்றது? ஒன் பாயில வந்து குந்தும்போதே சொல்லிப்புட்டான். ஊரு ஒனக்கு ஆத்தா. வீடும் ஒனக்கு, நெலமும் ஒனக்கு."

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. கத்தி ஒரே இழுப்பில் தாடை வரை ஏறியது.

"கேட்டுச்சு ஐயா" என்றாள். "வெளிச்சத்த மறைக்காமக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இன்னும் ஒரு கன்னம் பாக்கி இருக்கு."